பொதுப் பாதுகாப்பு நிருவாகத்தில் இளமாணிப் பட்டம்: மட்டக்களப்பு, அம்பாறையில் இருந்து படிப்பவர்களுக்கு

கிரான் பாலத்தின் மேல் வெள்ளம் ஏறினால் மறுகரைக் கிராமங்களுக்குப் படகு விட வேண்டும். படகை யார் தருவது? எண்ணெய்க்கு எந்தக் கணக்கில் காசு எடுப்பது? ஒரு தடவையில் எத்தனை பேரை ஏற்றுவது? இருட்டிய பிறகு பிரசவ வலியோடு ஒருத்தி வந்தால் படகை எடுக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? ஆறு மாதம் கழித்துக் கணக்காய்வு வந்தால் எந்தத் தாளைக் காட்டுவது? பொதுப் பாதுகாப்பு நிருவாகம் என்ற இளமாணிப் பட்டம் கற்பிப்பது இந்தக் கேள்விகளைத்தான். நீந்தவோ துப்பாக்கி பிடிக்கவோ தீயணைப்புக் குழாயைத் தூக்கவோ அங்கே சொல்லித்தர மாட்டார்கள். பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ், அனர்த்த முகாமைத்துவம், சிறைச்சாலை ஆகியவற்றை நடத்துகிறவர்களின் மேசைவேலைதான் பாடம்: சட்டம், ஆளணி, வரவு செலவு, திட்டமிடல், தரவு, அறிக்கை.

இதை அறியாமல் சேர்கிறவர்கள் இரண்டாம் பருவத்தில் வரும் வரவு செலவுப் பாடத்தோடு களைத்துப்போகிறார்கள். அறிக்கை எழுதப் பிடிக்காதவருக்கு இந்தப் பட்டம் சரிவராது. களத்தில் நிற்கத்தான் விருப்பம் என்றால் முதலுதவி, உயிர்காப்பு, தீயணைப்புப் பயிற்சிகளை எடுத்துவிட்டு வேலைக்குப் போவது நல்லது. பட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்த வழியால் போவது

இந்தப் பெயரில் பட்டம் தருவதை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில்தான் அதிகம் காணலாம். பல முழுக்க ஒன்லைனில் நடப்பதால் கல்முனையில் இருந்தபடியே படித்து முடிக்கலாம். மற்ற வழி, இதே அறிவை உள்ளூர்ப் பட்டம் ஒன்றின் மேல் கட்டுவது. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ புவியியல் அல்லது முகாமைத்துவம் எடுக்கலாம். வேலை செய்துகொண்டே படிக்கிறவர்களுக்கு மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் வைத்திருக்கும் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. சமூக விஞ்ஞானம், சட்டம், முகாமைத்துவம் மூன்றும் இந்தத் துறைக்குக் கிட்டியவை. அதற்கு மேல் அனர்த்த முகாமைத்துவத்தில் ஒரு டிப்ளோமா வைத்தால் பாடத்திட்டத்தில் பெரிய ஓட்டை எதுவும் இருக்காது.

இருபது வயதில், இசட் புள்ளியும் வாய்த்தவர் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு டொலரில் காசு கட்டுவது புத்திசாலித்தனம் என்று சொல்ல மாட்டோம். ஏற்கெனவே பொலிஸிலோ பிரதேச செயலகத்திலோ தொண்டு நிறுவனத்திலோ வேலை செய்துகொண்டு, ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் எழுதக்கூடியவருக்குத்தான் வெளிநாட்டு ஒன்லைன் பட்டம் பொருந்தும். உள்வாரி அனுமதிக்கு உயர்தரத்தில் ஒரே தடவையில் மூன்று பாடச் சித்தியும் பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளியும் வேண்டும். வெளிநாட்டுக் கல்லூரிகள் பெரும்பாலும் ஐ.இ.எல்.டி.எஸ் ஆங்கிலப் பரீட்சையில் 6 அல்லது 6.5 கேட்கும்.

காசு கட்டும் முன் செய்ய வேண்டியது

முதலில் அங்கீகாரம். உள்நாட்டுத் தனியார் நிறுவனம் என்றால் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ், நீங்கள் சேரப்போகும் அதே பட்டத்தை வழங்க அதற்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். நிறுவனம் அனுமதி பெற்றிருக்கும், ஆனால் வேறு பட்டத்துக்காக இருக்கும். ஏமாறுவது இந்த இடத்தில்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் கைநூலில் அல்லது பொதுநலவாயப் பல்கலைக்கழக ஆண்டுநூலில் பெயர் இருக்கிறதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்க்கும். அமெரிக்க நிறுவனம் என்றால் அந்நாட்டுக் கல்வித் திணைக்களத்தின் தரமதிப்பீட்டுத் தரவுத்தளத்தில் நீங்களே தேடலாம். பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டு பட்டம் விற்கிறவர்கள் உண்டு. ‘அனுபவத்துக்கே பட்டம்’ என்று எவராவது சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

அடுத்தது கிரெடிட். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், 90 கிரெடிட். சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், 120 கிரெடிட். அமெரிக்க இளமாணியும் வழக்கமாக 120 கிரெடிட்தான். எண் ஒன்று என்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே ஒரு கிரெடிட் என்பது 50 மணிநேரப் படிப்பு. பயிற்சிக்கும் ஆய்வுக்கும் 100 மணிநேரம். அங்கே ஏறக்குறைய 45 மணிநேரம். அதோடு அமெரிக்க 120இல் கணிசமான பங்கு ஆங்கிலம், கணிதம், வரலாறு போன்ற பொதுக் கல்விப் பாடங்களுக்குப் போய்விடும். துறைப் பாடம் எத்தனை கிரெடிட் என்று தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உயர்தரத்துக்கும் டிப்ளோமாவுக்கும் எத்தனை கிரெடிட் கழிப்பார்கள் என்பதையும் சேருவதற்கு முன் எழுத்தில் எடுக்க வேண்டும். தொலைபேசியில் சொன்ன கழிவு பிறகு காணாமல்போகும்.

செலவைக் கணக்குப் பார்க்க ஒரு கிரெடிட்டின் கட்டணத்தை 120ஆல் பெருக்குவது போதாது. தொழில்நுட்பக் கட்டணம், மேற்பார்வைப் பரீட்சைக் கட்டணம், பாடநூல், வங்கிப் பரிமாற்றக் கழிவு எல்லாம் தனி. ஒரு கிரெடிட் 300 டொலர் என்று வைத்தால் படிப்புக்கு மட்டும் 36,000 டொலர். நான்கு வருடத்தில் டொலர் விலை எங்கே போய் நிற்கும் என்று எவரும் சொல்ல முடியாது. 2022ஐ மறந்தவர் இல்லை. முழுப் பட்டத்துக்கும் ஒரேயடியாக ஒப்பந்தம் செய்யாமல் பருவத்துக்குப் பருவம் கட்டும் திட்டத்தைத் தேடுங்கள்.

கேட்க மறக்கும் கேள்வி ஒன்று: களப்பயிற்சி கட்டாயமா, அதை இலங்கையில் உள்ள அலுவலகம் ஒன்றில் செய்ய விடுவார்களா? சில பட்டங்களில் பயிற்சியை அமெரிக்க நிறுவனத்தில்தான் செய்ய வேண்டும். அது கடைசி வருடத்தில் தெரியவந்தால் மூன்று வருடக் காசு தொங்கிக்கொண்டு நிற்கும்.

வாரக் கணக்கும் மணிக்கூடும்

மூன்று கிரெடிட் பாடம் ஒன்று 135 முதல் 150 மணிநேர வேலை. 15 வாரப் பருவத்தில் அது வாரத்துக்கு 9, 10 மணிநேரம். ஒன்லைன் பட்டங்களில் பல பாடங்கள் 8 வாரத்தில் முடியும். அப்போது ஒரே பாடம் வாரத்துக்கு 17 மணிநேரம் கேட்கும். வேலைக்குப் போகிறவர் 8 வாரப் பாடத்தில் ஒன்றுக்கு மேல் எடுத்தால், மூன்றாம் வாரத்தில் ஒப்படை பிந்தத் தொடங்கும்.

அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி ஞாயிறு இரவு 11.59க்கு முடியும் ஒப்படை நமக்குத் திங்கள் காலை 9.29. நவம்பர் முதல் ஞாயிறில் அங்கே மணிக்கூட்டைப் பின்னால் திருப்புவார்கள். அதிலிருந்து நமக்கு 10.29. மார்ச் இரண்டாம் ஞாயிறில் மறுபடி 9.29. ஒரு மணிநேரம் கூடக் கிடைக்கும் காலம் நமது வடகீழ்ப் பருவமழைக் காலம். கரண்டும் சிக்னலும் போகிற நாட்கள் அவை என்பதால் அந்த மணிநேரத்தை நம்பியிருக்க வேண்டாம். நவம்பர் முதல் ஜனவரி வரை ஒப்படையை வெள்ளிக்கிழமையே ஏற்றிவிடுங்கள். பருவம் தொடங்கும் வாரத்திலேயே வாசிப்புகள் அனைத்தையும் இறக்கி போனிலும் பென்டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் பிந்தினால் விரிவுரையாளருக்கு எழுதலாம். ஆனால் வெள்ளம் வந்த பிறகு எழுதுவதைவிட, பருவத் தொடக்கத்திலேயே ‘எங்கள் மாவட்டத்தில் இந்த மூன்று மாதமும் இப்படி’ என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவைப்பவருக்குத்தான் தவணை இலகுவாகக் கிடைக்கும்.

பாடநூலை நம் கச்சேரிக்குப் பெயர்ப்பது

அமெரிக்கப் பாடநூல் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு), ஷெரிப் (அதன் பொலிஸ் தலைவர்), பீமா (மத்திய அரசின் அவசரகால முகாமைத்துவ அமைப்பு) என்று பேசும். மனப்பாடம் செய்தால் சித்தி வரும், வேலைக்கு உதவாது. கொப்பியின் ஒரு பக்கத்தில் அவர்களுடைய அமைப்பையும் எதிர்ப்பக்கத்தில் நம்முடையதையும் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே அனர்த்த உதவிக்கான 1988இன் ஸ்டாஃபோர்ட் சட்டம். இங்கே 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம். சுனாமிக்குப் பிறகு வந்த சட்டம் இது. ஜனாதிபதி தலைமையில் தேசிய சபை, அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம், கச்சேரி எனும் மாவட்டச் செயலகத்தில் அதன் மாவட்டப் பிரிவு, பிரதேச செயலாளர், கிராம உத்தியோகத்தர் என்று கீழே இறங்கி வரும். மட்டக்களப்பில் 14 பிரதேச செயலகப் பிரிவு, அம்பாறையில் 20.

தீயணைப்பு இங்கே பெருநகரங்களில் உள்ளூராட்சிச் சபையின் கையில். பொலிஸ் மத்திய அரசின் கையில். 1987இன் 13ஆவது திருத்தத்தில் மாகாணத்துக்கு எழுதப்பட்ட பொலிஸ் அதிகாரம் இன்னும் கைக்கு வரவில்லை. அம்புலன்ஸ் சேவை தனி. அதனால்தான் 119 பொலிஸுக்கு, 110 தீயணைப்புக்கு, 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு, 117 அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு என்று நான்கு இலக்கங்கள். அமெரிக்கப் பாடநூலில் 911 என்ற ஒரே இலக்கத்தைச் சுற்றி ஒரு அத்தியாயமே இருக்கும். அதை வாசிக்கும்போது, படுவான்கரையில் வீதி விபத்து நடந்தால் நமது நான்கு இலக்கங்களில் முதலில் எதற்கு அழைப்பு போகிறது, மற்றவர்களுக்கு அந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேருகிறது என்று வரைந்து பாருங்கள். நல்ல ஒப்படை ஒன்று அங்கேயே கிடைத்துவிடும்.

சொற்களுக்கு மும்மொழிப் பட்டியல் ஒன்றைத் தொடக்கத்திலேயே போடுங்கள். ஆங்கிலத்தில் படிப்பீர்கள், மக்களிடம் தமிழில் கேட்பீர்கள், பொலிஸ் பதிவும் சுற்றறிக்கையும் பல நேரம் சிங்களத்தில் இருக்கும். தமிழ்நாட்டு நூல்களைத் துணைக்கு எடுத்தால் அங்கே ‘பேரிடர் மேலாண்மை’, இங்கே ‘அனர்த்த முகாமைத்துவம்’. இரண்டையும் ஒரே ஒப்படையில் கலந்தால் வாசிப்பவர் குழம்புவார். ‘பாதிக்கப்பட்டோர்’, ‘இடம்பெயர்ந்தோர்’ இரண்டையும் மாறி எழுதுவது இன்னும் பெரிய பிழை. வீட்டு முற்றத்தில் முழங்கால் தண்ணீர் நிற்க உள்ளேயே இருப்பவர் பாதிக்கப்பட்டவர். உறவினர் வீட்டுக்குப் போனவர் இடம்பெயர்ந்தவர், ஆனால் பாதுகாப்பு நிலையத்தின் கணக்கில் வர மாட்டார். நமது பக்கம் வெள்ளத்தில் பலர் போவது உறவினர் வீட்டுக்குத்தான். முகாமின் தலைக்கணக்கை மட்டும் எடுத்துத் தேவையைப் போட்டால் அவர்கள் எல்லோரும் விடுபட்டுப்போவார்கள்.

சம்பவக் கட்டளை முறையைக் கையால் பழகுவது

இந்தப் பட்டத்தின் நடுத்தூண் ஐ.சி.எஸ் எனப்படும் சம்பவக் கட்டளை முறை. 1970இல் கலிபோர்னியாக் காட்டுத்தீக்குப் பிறகு பிறந்தது. பல அமைப்புகள் ஒரே இடத்துக்கு வந்து, ஆளுக்கொரு கட்டளை, ஆளுக்கொரு வானொலி அலைவரிசை என்று குழம்பியதில் கற்ற பாடம் அது. கட்டளை, நடவடிக்கை, திட்டமிடல், வழங்கல், நிதி நிருவாகம் என்று ஐந்து பணி. ஒரு பொறுப்பாளருக்குக் கீழே 3 முதல் 7 பேர், உகந்தது 5 பேர். பீமாவின் ஐ.எஸ்-100, 200, 700, 800 பாடங்களின் வாசிப்பு இணையத்தில் இலவசம். பட்டத்தில் சேருவதற்கு முன் ஐ.எஸ்-100ஐ வாசித்துப் பார்ப்பது நல்ல சோதனை. அது உங்களுக்கு அலுத்தால் பட்டமும் அலுக்கும்.

இந்த ஐந்து பணியையும் பெட்டிகளாக வரையும்போது மாணவர்கள் விடும் முதல் பிழை, பெட்டிக்குள் பதவியை எழுதுவது. கட்டளை என்ற பெட்டியில் மாவட்டச் செயலாளர், நடவடிக்கையில் பிரிகேடியர், திட்டமிடலில் பணிப்பாளர் என்று மரியாதை வரிசையில் நிரப்பிவிடுவார்கள். பெட்டி பணிக்குரியது. கிரான் படகுச் சேவையை எடுங்கள். துறையில் நின்று ஏற்றி இறக்குவது நடவடிக்கை. நாளை காலை நீர்மட்டம் எவ்வளவு, நீர்ப்பாசனத் திணைக்களம் எந்தக் குளத்தின் வான்கதவைத் திறக்கிறது, வளிமண்டலவியல் திணைக்களம் என்ன சொல்கிறது என்று கேட்டு எழுதுவது திட்டமிடல். இயந்திரம், எண்ணெய், உயிர்காப்பு அங்கி, ஓட்டுநருக்குச் சாப்பாடு எல்லாம் வழங்கல். பற்றுச்சீட்டும் கூலிப்பதிவும் நிதி. சிறிய சம்பவத்தில் ஒருவரே மூன்று பணியைப் பார்ப்பார். பணி மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். எப்போதும் விடுபடுவது நிதிப் பெட்டி. நாலாம் நாள் எண்ணெய்க்காரர் கடனுக்குத் தர மறுக்கும்போதுதான் அது நினைவுக்கு வரும்.

அடுத்தது செயற்பாட்டுப் பதிவு, படிவம் 214. பயிற்சிக்காக மாணவர் ஒருவர் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

‘காலையில் படகு ஓடியது. மக்கள் கொண்டுவரப்பட்டனர். நீர் கூடியதால் நிறுத்தப்பட்டது.’

இதை வைத்து எவரும் எதையும் செய்ய முடியாது. அதே காலையை இப்படி எழுத வேண்டும்:

‘06.40 படகு 2 புறப்பட்டது, ஓட்டுநர், உதவியாளர். மறுகரையில் இருந்து 7 பேர், அதில் சிறுவர் 2. அங்கி 9, ஒன்பது பேரும் அணிந்தனர். 06.58 இறங்கினர். 07.10 பெற்றோல் 5 லீற்றர், பற்றுச்சீட்டு 3. 07.25 அளவுகோலில் நீர் 06.30ஐ விட 4 அங்குலம் கூட. சேவையை நிறுத்தச் சொன்னவர் நடவடிக்கைப் பொறுப்பாளர். கரையில் காத்திருப்போர் 11. பிரதேச செயலகத்துக்கு 07.28க்கு அறிவிக்கப்பட்டது.’

நேரம், எண்ணிக்கை, தீர்மானித்தவர், அறிவித்த இடம். ‘நிறுத்தப்பட்டது’ என்ற செயப்பாட்டு வினைக்குள் ஆள் ஒளிந்துவிடுவார். அரச தமிழின் பழைய பழக்கம் இது. பதிவில் அதைக் கண்டால் ‘யார்?’ என்று கேட்டு அடித்துவிட்டு எழுதுங்கள்.

முடிவெடுக்கும் எல்லையை முன்கூட்டியே எழுதிவைப்பதும் இந்தப் பாடத்தில்தான் வரும். 2024 நவம்பர் 26இல் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துப்போய்ப் பிள்ளைகளின் உயிர்கள் போயின. இதைப் படிப்பாக எடுக்கும்போது ஆளைத் தேடிப் பழி போடுவதில் பயன் இல்லை. எந்த உயரத்தில் வீதியை மூடுவது, மூடுகிற அதிகாரம் யாருக்கு, இரவில் தடையருகே யார் நிற்பது, பெரிய வாகனம் என்றால் விடலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். ஓடும் தண்ணீர் 6 அங்குலம் இருந்தாலே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். 12 அங்குலம் சிறிய கார்களை இழுக்கும். 2 அடி இருந்தால் பெரிய வாகனமும் போய்விடும். கிட்டங்கி, மாவடிப்பள்ளி, கிரான் போன்ற தாம்போதிகளில் வர்ணம் பூசிய அளவுகோல் ஒன்றும், அதில் சிவப்புக் கோடு எந்த அங்குலத்தில் என்ற ஒரு வரித் தீர்மானமும் வைப்பதை ஒப்படையாக எழுதினால், எந்த நாட்டு விரிவுரையாளருக்கும் விளங்கும்.

பாடசாலையை முகாமாக்கும் கணக்கு

அவசரகாலத் திட்டமிடல் பாடத்தில், நிவாரணத்தின் குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் சர்வதேச ஸ்பியர் நியமங்கள் கட்டாயம் வரும். எண்களைப் பாடமாக்குவது சுலபம். ஒரு உண்மையான கட்டடத்தில் போட்டுப் பார்க்கும்போதுதான் அவற்றின் கனம் தெரியும். 400 பேர் வந்துவிட்டார்கள் என்று வைப்போம்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லீற்றர் தண்ணீர்: 6,000 லீற்றர். ஆயிரம் லீற்றர் தாங்கி ஒன்றுதான் இருக்கிறது என்றால் பவுசர் நாளைக்கு ஆறு தடவை நிரப்ப வேண்டும், அல்லது இன்னும் தாங்கி தேட வேண்டும். ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் போகக் கூடாது என்பதால் குறைந்தது இரண்டு குழாய். கிணற்று நீர் என்றால் குளோரின். லீற்றருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் 1,000 லீற்றர் நீருக்குப் போட 2 கிராம் குளோரின் வேண்டும். 70 வீதத் தூள் என்றால் ஏறக்குறைய 3 கிராம். 30 நிமிடம் கழித்து மீதிக் குளோரின் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் நிற்க வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்றில் இந்தக் கணக்கு பிழைக்கும், ஏனென்றால் கலங்கல் நீரில் உள்ள சேறும் குப்பையும் குளோரினைத் தின்றுவிடும். முதலில் இறைத்துத் தெளியவிட்டு, பிறகு மருந்து. அந்த வேலை பொதுச் சுகாதாரப் பரிசோதகருடையது. உங்கள் திட்டத்தில் அவருடைய பதவியும் வரும் நேரமும் இருக்க வேண்டும்.

மலசலகூடம் 20 பேருக்கு ஒன்று, ஆகவே 20. முதல் நாட்களில் 50 பேருக்கு ஒன்று என்று சமாளித்தாலும் 8. இதில் பெண்களுக்கு எத்தனை, இரவில் விளக்கு இருக்கிறதா, கதவுக்கு உள்கொண்டி இருக்கிறதா என்பதை எழுதாத திட்டம் அரைத் திட்டம்.

இடம் ஆளுக்கு 3.5 சதுர மீற்றர்: 1,400 சதுர மீற்றர். 20 அடிக்கு 20 அடி வகுப்பறை சுமார் 37 சதுர மீற்றர், அதாவது பத்துப் பேர். 400 பேருக்கு 40 வகுப்பறை! எந்தப் பாடசாலையில் இருக்கிறது? ஆகவே உண்மையான கேள்வி, எத்தனையாவது ஆள் வந்ததும் இரண்டாவது பாடசாலையைத் திறப்பது, திறக்கச் சொல்வது யார், திறப்பு யாரிடம் என்பதுதான். ஞாயிறு இரவு அதிபர் ஊரில் இல்லை என்றால்? இதோடு பரீட்சையும் மோதும். 2024 நவம்பரில் உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோதே வெள்ளம் வந்து பரீட்சையை இடைநிறுத்தினார்கள். பரீட்சை நிலையமாக இருக்கும் பாடசாலைகளை முகாம் பட்டியலில் தனி நிறத்தில் குறித்துவிடுங்கள்.

நியமத்தை எட்ட முடியவில்லை என்றால் மறைக்காமல் ‘மலசலகூடம்: நியமம் 20, இருப்பது 9, மூன்றாம் நாளுக்குள் 5 தற்காலிகம்’ என்று எழுதுங்கள். எல்லாம் நிறைவாக இருப்பதாகக் காட்டும் ஒப்படைக்குத்தான் குறைந்த புள்ளி.

கடைசி வருட ஆய்வு

மாவட்டம் முழுவதையும் எடுக்காதீர்கள். ஒரே ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவு போதும். ஆபத்து, அதன் முன் நிற்கும் ஆட்களும் சொத்தும், அவர்களின் தாங்கும் சக்தி ஆகிய மூன்றையும் பிரித்துப் பிரித்து அளக்க வேண்டும். வெள்ள உயரத்துக்குச் சுவரில் உள்ள கறையை நாடாவால் அளந்து, அருகருகே மூன்று வீட்டில் கேட்டு ஒப்பிடுங்கள். ‘2011 வெள்ளம்’ என்று ஒருவர் சொல்வது மற்றவருக்கு 2014 ஆக இருக்கும். பிள்ளை பிறந்த வருடம், வேளாண்மை அழிந்த போகம் என்று ஒரு நினைவுக் கொளுக்கியோடு கேட்டால் ஆண்டு சரியாக வரும். வரைபடத்துக்கு கியூ.ஜி.ஐ.எஸ் இலவச மென்பொருளும் ஓப்பன்ஸ்ட்ரீட்மாப்பும் போதும்.

இடர் அட்டவணையில் 1 முதல் 5 வரை புள்ளி போடுவார்கள். 5 என்றால் என்ன என்று எழுதாமல் போடும் புள்ளிக்குப் பெறுமதி இல்லை. ‘5: பத்து வருடத்தில் ஐந்து தடவைக்கு மேல் வீட்டுக்குள் நீர்’ என்று வரையறை வைத்தால் அடுத்தவரும் அதே புள்ளியைத்தான் போடுவார்.

நல்ல தலைப்பு ஒன்று நம் வாவியிலேயே கிடக்கிறது: வெள்ளநீர் கடலுக்கு ஓட முகத்துவாரம் வெட்டுவது. வயல் மூழ்குகிறவர் இன்றே வெட்டச் சொல்வார். வாவியில் தொழில் செய்கிறவருக்குத் தண்ணீர் ஒரேயடியாக ஓடிப்போவதில் நட்டம். எந்த நீர்மட்டத்தில், யார் கேட்டு, எந்தக் கூட்டத்தில், எந்தத் திணைக்களத்தின் ஒப்புதலோடு வெட்டுகிறார்கள் என்ற தீர்மானப் பாதையை மட்டும் எழுதினாலே ஒரு ஆய்வு நிரம்பும்.

அலுவலகத் தரவுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும், கிடைக்காவிட்டால் மேன்முறையீடு. நாட்கணக்கில் போயாவும் விடுமுறைகளும் சேராது என்பதால் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘வெள்ளம் பற்றிய எல்லாத் தகவலும்’ என்று கேட்டால் ஒன்றும் வராது. ‘2019 முதல் 2024 வரை, இந்தப் பிரிவில், திறந்த பாதுகாப்பு நிலையங்களின் பெயர், திறந்த திகதி, மூடிய திகதி, குடும்ப எண்ணிக்கை’ என்று அட்டவணையாகக் கேளுங்கள். முதலில் நேரில் போய்ப் பிரதேச செயலகத்தின் அனர்த்த நிவாரண சேவைகள் உத்தியோகத்தரோடு கதைப்பதும் நல்லது. பல நேரம் விண்ணப்பமே தேவைப்படாது.

மக்களை நேர்காண்பதற்குப் பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறி அனுமதி வேண்டும், அதற்கு ஆறு வாரமாவது ஒதுக்குங்கள். நாவலடி, கல்லடி, மருதமுனை, காரைதீவு என்று கரையோரம் நெடுக 2004இல் பிள்ளைகளைக் கொடுத்த வீடுகள். மட்டக்களப்பு நகரில் 2019 ஏப்ரல் 21ஐச் சுமக்கும் குடும்பங்கள். இழப்பைப் பற்றி நேரடியாகக் கேட்கும் கேள்வி உங்கள் ஆய்வுக்குத் தேவையா என்று பாருங்கள். பெரும்பாலும் தேவை இல்லை. எச்சரிக்கை எப்படி வந்தது, எந்தப் பாதையால் போனீர்கள் என்று கேட்டாலே போதும். டிசம்பர் 26ஐ ஒட்டிய வாரத்தில் அந்த ஊர்களுக்குக் கேள்விக்கொத்தோடு போகாதீர்கள்.

பட்டம் கையில் வந்த பிறகு

அரச வேலைக்கு வர்த்தமானியில் கேட்டிருக்கும் தகைமையின் சொல்லே தீர்ப்பு. ‘அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகப் பட்டம்’ என்று மட்டும் இருந்தால், அங்கீகாரச் சோதனையைத் தாண்டிய வெளிநாட்டுப் பட்டத்தோடும் போட்டியிடலாம். குறிப்பிட்ட பாடத்தின் பெயர் இருந்தால் பொதுப் பாதுகாப்பு நிருவாகம் என்ற பெயர் அதற்குள் அடங்குமா என்று வாதாட வேண்டி வரும். நிருவாக சேவை, அபிவிருத்தி உத்தியோகத்தர், பொலிஸில் மேல்நிலைப் பதவிகளுக்கான நேரடி ஆட்சேர்ப்பு எல்லாவற்றுக்கும் வயதெல்லையும் போட்டிப் பரீட்சையும் தனி. பட்டம் சீருடையைக் கொண்டுவந்து தராது. தொண்டு நிறுவனங்களும் ஐ.நா. அலுவலகங்களும் பட்டத்தின் பெயரைவிட, நீங்கள் எழுதிய திட்டம் ஒன்றையும் எக்செல் கையையும் சிங்களத்தையும் பார்க்கும்.

வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும், விண்ணப்பக் காலம் குறுகியது. மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரக் கடிதத்தை அறிவித்தல் வந்த பிறகு தேடத் தொடங்கினால் திகதி போய்விடும். பட்டச் சான்றிதழ், பெறுபேற்றுப் பத்திரம் இரண்டும் வந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். ஒவ்வொரு பாடத்தின் உள்ளடக்கத் தாளையும் படிக்கும் காலத்திலேயே இறக்கிக் கோப்பில் வையுங்கள், ஏனென்றால் படிப்பு முடிந்ததும் மாணவர் கணக்கை மூடிவிடுவார்கள். முதுமாணிக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பது அந்தத் தாள்களைத்தான்.